ஜமேக்கா மலைக் கோப்பி

ஜமேக்கா மலைகளில் இருநூறு வருடப் பழமையான கோப்பித் தோட்டங்களைப் பார்த்துவிட்டு பாலேந்திரன் ஸ்டோவ்னர் வீட்டுக்குத் திரும்பி மூன்று கிழமையாகிறது. மனிதர் இன்னும் மலையிறங்கவில்லை. கொண்டுவந்த கால்கிலோ கோப்பிக் கொட்டையின் அருமையைக் காட்டவென்றே ஞாயிற்றுக்கிழமை நாலு சிநேகிதரைக் கூப்பிட்டுவிட்டார். மனைவி புஷ்பமலர் கோப்பியைக் கொண்டுவந்து வைத்தார்.

"பொறுங்கோ! மடக்கு மடக்கெண்டு குடிக்கிற சாமானே இது?" என்று பாலேந்திரன் அதட்டினார். "தோட்டத்திலை காட்டித் தந்தவங்கள். கண்ணை மூடி, சத்தம் வர உறிஞ்சி, என்ன ருசியெண்டு சொல்லவேணும்."

நாலு பேரும் கண்ணை மூடி உறிஞ்சினார்கள்.

"தொண்டையிலை வேர்க்கொம்பு உறைப்பு ஒண்டு, சுக்குக் காரம் மாதிரி..." என்றார் ஒருவர்.

"மல்லி வாசமும் வருது" என்றார் இன்னொருவர்.

பாலேந்திரனுக்குத் தலைகால் தெரியவில்லை. "பாத்தியளே! அதுதான் அந்த மலை மண்ணின்ரை குணம். உலகத்திலை வேறை எங்கையும் வராது!"

"என்ன மண்?" என்றார் புஷ்பமலர். "வெறுங்கோப்பி வாயிலை வைக்கேலாமல் கிடந்தது. நான்தான் மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு அரைச்சனான்."

நாலு கோப்பைகளும் புஷ்பமலர் பக்கம் நீண்டன. "இன்னும் கொஞ்சம் இருக்கோ, அக்கா?"

பாலேந்திரன் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, தன்னுடைய கோப்பையையும் நீட்டினார்.