நாரைக்காக ஓடியவர்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைக்கிறவருக்குக் கடையில் பூதக்கண்ணாடி என்று பெயர். எதைக் கையில் கொடுத்தாலும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். பார்வைதான் அப்படி, பேச்சு அவ்வளவும் கஞ்சம். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் நாலு கண்ணாடி விற்றுவிடலாம் என்று முதலாளியம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவரும் சிரித்துக்கொள்வார். பொய்யில்லையே.

அவர் மனைவி மகளின் பிரசவத்துக்கென்று வெளியூர் போனவர். முதலில், குழந்தைக்குத் தலை நிற்கட்டும், வந்துவிடுகிறேன் என்றார். தலை நின்றது. தவழட்டும் என்றார். தவழ்ந்தது. பிறகு, பல் முளைக்கிற நேரம், ராத்திரியெல்லாம் அழுகிறது, மகள் வேலைக்கும் போய்க்கொண்டு என்ன செய்வாள் என்றார். எல்லாமே நியாயமான காரணங்கள். அவரும் ஒவ்வொன்றுக்கும் "சரி" என்று சொல்லிப் போனை வைத்தார்.

மூன்றாவது மாடி வீட்டில் இரண்டு அறைகள். மனைவி போன புதிதில் ஓர் அறையின் விளக்கைப் போடுவதை நிறுத்தினார். ஒரு தட்டு, ஒரு தம்ளர். கழுவி அடுக்குவதற்குக்கூட ஒன்றும் இல்லை. தொலைக்காட்சியைச் சும்மா ஓடவிடுவார். யாரோ பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் பைனாகுலர் வந்து சேர்ந்தது. யாரோ ஒருவர் லென்ஸைச் சரிபார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரவேயில்லை. வெகுநாள் அலமாரியில் கிடந்ததை முதலாளியம்மா எடுத்து நீட்டி, "உங்க பேருக்கு ஏத்த சாமான். கொண்டு போங்க" என்றார்.

வீட்டுக்கும் கடைக்கும் நடுவே ஆறு. ஆறு என்று சொன்னால் ஆறு கோபித்துக்கொள்ளும். நகரத்தின் அழுக்கையெல்லாம் சுமந்துகொண்டு, இரண்டு பக்கமும் சிமெண்டுச் சுவருக்கு நடுவே ஒடுங்கிப் போகிற தண்ணீர். அத்தனை வருடம் அதன் ஓரமாக நடந்தும் அவர் அதில் ஒரு பறவையைப் பார்த்ததில்லை. பைனாகுலரைச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு காலையில் சுவரில் முழங்கையை ஊன்றி நின்றார். மழைக்காலம். கலங்கிய தண்ணீரில் ஒரு கட்டை மிதந்து வந்தது. அதன்மேல் ஒரு நீர்க்காகம், துவைத்த சட்டையைக் கொடியில் போட்டதுபோல் இரண்டு இறக்கையையும் விரித்துக்கொண்டு, ஏதோ சொந்த வண்டியில் போகிற தோரணையில் போனது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றிலும் பார்த்தார். சொல்ல ஆளில்லை.

மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும். குளிர் வந்தபோது வாலாட்டிக் குருவிகள் வந்தன. சாக்கடை வந்து விழும் இடத்தில் வாலை ஆட்டிக்கொண்டு, அவசர வேலையாக வந்தவை போல ஓடித் திரிந்தன. எங்கிருந்தோ வாத்துக் கூட்டம் ஒன்று வந்து பாலத்துக்கு அடியில் இறங்கி, கொஞ்ச நாள் இருந்துவிட்டு ஒரு காலையில் இல்லாமல் போயிற்று. பழைய புத்தகக் கடையில் பறவைப் படப் புத்தகம் ஒன்று கிடைத்தது. பெயர்கள் பழகின. மீன்கொத்தி உட்காரும் கம்பி எது, ராத்திரியில் இரை தேடுகிற வக்கா எந்த மரத்தில் பகல் முழுக்கத் தூங்கி வழியும் என்றெல்லாம் தெரிந்தது. ஒருமுறை கடையில் அதைப் பற்றிப் பேச வாயெடுத்தார். முதலாளியம்மா, கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற யோசனையா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு முடிந்தது.

அக்கரையில் ஒரு பம்ப் ஹவுஸ். அதன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு காவல்காரர் உட்கார்ந்திருப்பார். குளிர்காலத்தில் ஒருநாள், பைனாகுலர் தற்செயலாக அந்தப் பக்கம் திரும்பியபோது, அவர் எழுந்து நின்று கையை உயர்த்தினார். இவரும் உயர்த்தினார். மறுநாள் காலையும் அதேபோல. அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. சுவரோரம் போய் நின்றதும் முதலில் அக்கரையைப் பார்ப்பார். காவல்காரர் எழுந்து கை உயர்த்துவார். இவரும் உயர்த்துவார். பிறகுதான் பறவை. காய்ச்சல் வந்து படுத்திருந்த நாட்களில்கூட, அக்கரை மனிதர் நம்மைக் காணோமே என்று தேடுவாரோ என்ற நினைப்பு வந்தது. நினைத்துப் பார்த்தால், அந்த ஊரில் அவரைத் தேடக்கூடியவர் அந்த ஒருவர்தான் என்று தோன்றியது. எழுந்து முகம் கழுவினார்.

வெயில்காலத்தில் ஆறு சுருங்கியது. நடுவில் சேறு வெடித்து, நாற்றம் மூக்கைத் துளைத்தது. மிச்சமிருந்த தண்ணீர் பம்ப் ஹவுஸுக்குக் கீழே ஒரு குட்டையாகத் தேங்கியது. பறவைகளெல்லாம் அங்கேயே கூடின. ஒரு காலையில் அந்தச் சேற்று மேட்டில் ஒரு சாம்பல் நாரை விழுந்து விழுந்து எழுந்தது. பைனாகுலரைச் சுழற்றிச் சரிசெய்து பார்த்தார். தூண்டில் நரம்பு காலிலும் இறக்கையிலும் சுற்றிக்கொண்டிருந்தது. இழுக்க இழுக்க இறுகியது.

அவர் கத்தினார். கடைசியாக எப்போது அப்படிக் கத்தினார் என்று அவருக்கே தெரியாது. காவல்காரர் எழுந்து, வழக்கம்போல் கையை உயர்த்தினார். கையைக் காட்டிக் காட்டிச் சொல்லியும் புரியவில்லை. கடைக்கு நேரமாகிவிட்டது என்பதையும் மறந்து, பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினார். மூச்சிரைக்க அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது காவல்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றார்.

இரண்டு பேரும் சேற்றில் இறங்கினார்கள். காவல்காரர் தன் சட்டையைக் கழற்றி நாரையின் தலைமேல் போட்டு அமுக்கிக்கொண்டார். இவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சின்னக் கத்தரியால், பாதிப் பிரேம் கண்ணாடியில் லென்ஸைப் பிடித்திருக்கும் நைலான் நூலை வெட்டுகிற அதே நிதானத்தோடு, நரம்பை ஒவ்வொரு சுற்றாக வெட்டினார். காலில் தோல் உரிந்திருந்தது. எலும்பு முறியவில்லை. சட்டையை எடுத்ததும் நாரை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு எழும்பி, அவர்கள் தலைக்குமேல் தாழப் பறந்து, பாலத்துக்கு அப்பால் போய்விட்டது. போகிற போக்கில் காவல்காரரின் சட்டையையும் எச்சமிட்டு வீணாக்கிவிட்டுத்தான் போனது.

குழாயடியில் கால் கழுவும்போது காவல்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், நீங்க எந்த ஆபீஸ்?"

"ஆபீஸா? நான் கண்ணாடிக் கடையில வேலை பாக்கறேன்."

"அப்ப மேலிடத்துலேருந்து வரலயா?"

"இல்லையே. ஏன்?"

காவல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் தூங்கறேனான்னு வேவு பாக்க ஆள் போட்டிருக்காங்கன்னுல்ல நெனச்சேன். தெனமும் எந்திரிச்சு சல்யூட் அடிச்சு அடிச்சு கையே விட்டுப் போச்சு."

இவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பாலத்தைக் கடந்தார். பாதிப் பாலத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று மாலை மனைவிக்கு அவரே போன் செய்தார். வழக்கமாக அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். நாரை விழுந்ததிலிருந்து பறந்துபோனதுவரை ஒன்றுவிடாமல் சொன்னார். அவ்வளவு வார்த்தைகள் தன்னிடம் இருந்தது அவருக்கே ஆச்சரியம். மனைவி 'உம்' கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கேட்டார்.

"ஒரு கொக்குக்காக அவ்வளவு தூரம் ஓடினீங்களா?"

"கொக்கில்ல. நாரை."

"சரி, நாரை." மனைவியின் குரலில் கோபம் இல்லை. "எனக்கு வயித்துல ஆபரேஷன் ஆனப்ப, கடைய முடிச்சிட்டு வரேன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா? நடந்துதான் வந்தீங்க. வந்து ஜன்னலோரமா உக்காந்தீங்க."

அவருக்கு ஞாபகம் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

"நீ எப்ப வர்றே?" என்றார்.

"நான் அங்க இருந்தப்ப மட்டும் நாம என்ன பேசிக்கிட்டோம்? இங்க பேச ஆள் இருக்கு. குழந்தைகூட என்னமோ பேசுது. நான் இங்கேயே இருந்துக்கறேன். உங்களுக்கு அது ஏற்கெனவே தெரியும்னு நெனச்சேன்."

அவர் எப்போதும்போல் "சரி" என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. போன் அந்தப் பக்கம் வைக்கப்படும்வரை காதிலேயே வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு காவல்காரர் எழுந்து நிற்பதில்லை. நிற்க என்ன இருக்கிறது? நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். இவர் ஒன்றிரண்டு நாள் பாலத்தைக் கடந்து போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தார். அவர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார், தன் முட்டிவலியைப் பற்றியும் மச்சானோடு நடக்கிற வழக்கைப் பற்றியும் பேசினார். பதிலுக்குச் சொல்ல இவரிடம் பறவைகள்தான் இருந்தன. அவருக்குப் பறவைகள் வேண்டாம். வெயில் முடிவதற்குள் அவரை வேறு பம்ப் ஹவுஸுக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொள்கிறவர்.

முதல் மழை விழுந்த வாரம் முதலாளியம்மாவிடம் விடுப்புக் கேட்டுக்கொண்டு மகள் வீட்டுக்குப் பஸ் ஏறினார். சொல்லாமல்தான் போனார். சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். கதவைத் திறந்த மனைவியின் இடுப்பில் குழந்தை இருந்தது. தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. அந்த முகத்தை அவர் ஓர் ஆளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். குழந்தை அவரைக் கண்டதும் வீல் என்று அழுதது.

இரண்டு நாள் இருந்தார். மகள் அன்பாகத்தான் இருந்தாள். இங்கேயே வந்துவிடுங்கள் அப்பா என்று ஒருமுறை சொன்னாள். மனைவி குழந்தையின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. கிளம்புகிற அன்று பால்கனியில் இரண்டு பேரும் தனியாக இருந்தபோது, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்ததைச் சொன்னார்.

"அன்னைக்கு நான் ஓடி வந்திருக்கணும்."

மனைவி மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். "ஆமா, வந்திருக்கணும்" என்றார். பிறகு, "இப்ப சொன்னீங்களே, அது போதும். ஆனா நான் வரலை" என்றார். உள்ளே குழந்தை எழுந்து சிணுங்கியது. மனைவி எழுந்து போய்விட்டார்.

திரும்பி வந்தபோது ஆறு இரண்டு சுவரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. செம்மண் நிறத் தண்ணீர். குட்டை, மேடு ஒன்றும் தெரியவில்லை. பறவைகள் எல்லாம் எங்கோ மேட்டுப் பக்கம் போயிருந்தன. கடைக்குப் போகும் வழியில் குடையோடு கொஞ்ச நேரம் நின்றார். பார்க்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தே நின்றார்.

இப்போது வாரத்துக்கு ஒருமுறை அவர்தான் போன் செய்கிறார். இன்று என்ன செய்தாய் என்று கேட்கிறார். மனைவி சொல்கிறார். குழந்தை செருப்பை ஒளித்து வைத்தது, எதிர்வீட்டுக்காரியோடு காலையில் நடக்கப் போவது, தையல் பழகுவது. அவர் நடுவில் குறுக்கிடாமல் கேட்கிறார். புரியாத இடத்தில், அந்த எதிர்வீட்டுக்காரி யார் என்றும் கேட்கிறார். சில நாள் பேச்சு நீள்கிறது. சில நாள் குழந்தை போனைப் பிடுங்கிவிடுகிறது.

சென்ற வாரம் தையலில் காலர் மட்டும் சரியாக வரவில்லை என்று மனைவி சொன்னார். எந்த இடத்தில் பிசகுகிறது என்று அவர் கேட்டார். மனைவி விளக்க ஆரம்பித்தார். அவர் எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வந்து, இருட்டில் உட்கார்ந்து கேட்டார்.