ஷாகுல் ஹமீது விடுபட்ட படம்

படம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

என் பெயர் வெயிலுமுத்து. அறுபத்துநாலில் தாராவிக் கிடங்குகளிலிருந்து கைவண்டியில் தோல் இழுத்துக்கொண்டிருந்தேன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய மறுநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீங்கிய கன்னத்தைத் தாடையோடு சேர்த்துத் துண்டால் கட்டி உச்சியில் முடிந்துகொண்டு வண்டியிலேயே மல்லாந்து படுத்தேன். ஈ மொய்க்காமலிருக்க நெஞ்சுவரை ஒரு வேட்டி. வண்டிக் கயிற்றை இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டேன். வண்டிக்காரர்கள் நாங்கள் எல்லோருமே அப்படித்தான் தூங்குவோம். எவனாவது வண்டியைக் கிளப்பினால் விரல் எழுப்பிவிடும். பக்கத்தில் என் கூட்டாளி ஷாகுல் ஹமீது டீ குடித்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறுதோறும் காமிராவோடு தாராவியைச் சுற்றுகிற மாதுங்கா திருவேங்கடம் சார் அப்போது வந்திருக்கிறார். சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றில் பரிசு பெற்ற படம் என்று முழுப் பக்கத்துக்கு வந்தது. கீழே அவர் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை.

என் ஊர் நாங்குநேரிப் பக்கம். அங்கே அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? தாடைக் கட்டு, கால் கட்டு, நெஞ்சுவரை துணி. பிணத்தை அப்படித்தானே கிடத்துவார்கள்! என் பெண்டாட்டி முருகம்மாள் அடித்துப் புரண்டு அழுதிருக்கிறாள். அவள் அண்ணன் பிரம்மநாயகம் ஷாகுல் விலாசத்துக்குக் கடிதம் போட்டான். நடந்ததை ஏன் மறைத்தீர்கள், படம் பார்த்த நாளிலிருந்து எண்ணினால் வருகிற வெள்ளிக்கிழமை பதினாறாம் நாள், அன்று தங்கச்சிக்குத் தாலி கழற்றுகிறோம் என்று எழுதியிருந்தான்.

உடனே 'நலமாயிருக்கிறேன்' என்று தந்தி அடித்தேன். மடத்தனம். எங்கள் பக்கம் சாவை யாரும் தந்தியில் நேராகச் சொல்வதில்லை. 'உடம்புக்குச் சுகமில்லை' என்று வந்தாலே ஆள் போய்விட்டான் என்று மாரடிப்பார்கள். நலம் என்று வந்ததை யார் நம்புவார்கள்? தேறுதல் சொன்னது போதும் என்று பிரம்மநாயகம் பதில் தந்தி கொடுத்தான். நேரில் போய் நின்றால்தான் உண்டு.

செவ்வாய்க்கிழமை ரயில். அதற்கு முன் அந்த மனுஷனை நாலு வார்த்தை கேட்காமல் கிளம்ப மனம் வரவில்லை. ஷாகுலையும் இழுத்துக்கொண்டு காலையிலேயே மாதுங்காவுக்குப் போனேன்.

அவர் எங்களை உட்காரவைத்து ஒரு தடிப் புத்தகத்தை விரித்தார். பிரான்சில் ஒரு மேதை இருக்கிறாராம். அவர் பாணியில்தான் இவர் பம்பாயை எடுக்கிறாராம்: குழாயடி வரிசை, பஸ்ஸுக்கு ஓடுகிறவன், சலூன் நாற்காலி. யாரையும் கேட்கக் கூடாது, நிற்கவைக்கக் கூடாது, நேரம் பார்த்து அமுக்க வேண்டும், அவ்வளவுதானாம். கேட்காமல் எடுப்பதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர் உண்டு.

அப்படியானால் பக்கத்திலிருந்த ஷாகுல் படத்தில் எங்கே என்று கேட்டேன். டீ கிளாஸ் படத்தைக் கெடுத்துவிடும் என்று ஓரடி தள்ளி நின்று எடுத்தாராம். அந்த ஓரடி! பக்கத்தில் ஒருவன் டீயை ஊதிக் குடிக்கிற படத்தைப் பார்த்து எவன் பிணம் என்பான்?

முருகம்மாள் கதையைச் சொன்னேன். கடிதத்தையும் காட்டினேன். அவர் கண் விரிந்தது. வருத்தம் என்றுதான் நினைத்தேன்.

"நீ வாசல்ல போய் நிக்கறச்சே அவ முகம் எப்படி மாறும்! அந்த க்ஷணம் திரும்ப வராதுப்பா. டிக்கெட் என் செலவு. நானும் வரேன்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதுவரை வாயில் இருந்த சார் போய்விட்டது.

"அவ அழுததுக்கே நீருதான் காரணம். இப்பம் அவ சிரிக்கதும் ஒமக்கு வேணுமாக்கும்?"

அவர் கோபப்படவில்லை. என் முகத்தையே பார்த்தபடி, அப்படியே இரு என்று சொல்லிக் காமிராவை எடுத்தார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு படி இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் ஊர் போய்ச் சேர்ந்தேன். தாலி அவள் கழுத்தில்தான் இருந்தது. என்னைப் பார்த்ததும் முருகம்மாள் முகம் எப்படி இருந்தது என்று இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்லப்போவதில்லை.