நோயில்லை என்பதற்கு அத்தாட்சி

கடிதத்தின் அடியில் "இணைப்பு: மூன்று" என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடும் இழுத்த பிறகுதான் கஸ்தூரிரங்கனுக்கு மனசு சமாதானமாயிற்று. லஸ் பக்கத்தில் ஒரு வக்கீலிடம் இருபத்திரண்டு வருஷமாகக் குமாஸ்தாவாக இருப்பவர் அவர். எதிராளி எவ்வளவு கத்தினாலும், தஸ்தாவேஜை எடுத்து மேஜைமேல் வைத்தால் அடங்கிப் போவான் என்பது அவர் கண்ணால் கண்ட உண்மை. ஆகவே மூன்று தஸ்தாவேஜுகளைச் சேகரித்திருந்தார். அவருக்கு ஒன்று, மனைவி கனகவல்லிக்கு ஒன்று, மகள் வேதவல்லிக்கு ஒன்று. மூன்றிலும் ஒரே வாசகம்தான்: மேற்படியாரின் மார்பைப் பரீட்சித்ததில் க்ஷயரோகத்தின் அறிகுறி எதுவும் இல்லை. டாக்டர் கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தன.

கடிதம் திருவல்லிக்கேணிக்குப் போக வேண்டியது. அங்கே ஒரு வரன். ஜாதகம் பொருந்திவிட்டது, பெண்ணைப் பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பியவர்கள் ஒரு மாதமாகப் பேச்சுமூச்சில்லை. ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்க வைத்தவர், ஆபீஸில் சட்டப் புஸ்தகங்களைத் தைத்து அட்டை போட வருகிற வலியுல்லா.

"சாமி, நீ தப்பா நெனச்சுக்கக் கூடாது," என்றார் வலியுல்லா, ஊசியில் நூலைக் கோத்தபடி. "உன் வூட்ல யாருக்குனா மார்ல சளி கிளி எதுனா கீதா?"

"யார் சொன்னது?"

"யாரு சொல்லல? உங்க தெருவே பேசிக்கினு கீது. மயிலாப்பூர்ல ஜோரா இருந்தவரு தாம்பரத்துக்கு எதுக்குப் போனாரு, அந்த ஆஸ்பத்திரிய வுட்டா அங்க இன்னா கீதுன்னு கேக்கறாங்க. எனக்குத் தெரியும், உனக்கு ஒண்ணுமில்ல. ஆனா நான் சொன்னா உங்காளுங்க கேப்பாங்களா?"

கஸ்தூரிரங்கனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு திருவல்லிக்கேணிக்காரர்களின் ஒரு மாத மௌனத்துக்கு அர்த்தம் புரிந்தது. தாம்பரத்துக்கு அப்பால் க்ஷயரோக ஆஸ்பத்திரி வந்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. அது இருக்கிற திசையில் குடிபோனால் ஊர் இப்படிக் கணக்குப் போடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் போன காரணம் வேறு. போன வருஷம் சித்திரையில் வக்கீலின் கட்சிக்காரர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கத் தாம்பரம் போயிருந்தார். கட்சிக்காரர் வயலுக்குப் போயிருந்தார். வேப்பமரத்தடியில் ஒரு கயிற்றுக்கட்டிலைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். கிணற்றுத் தண்ணீர் ஒரு செம்பு குடித்தார். அவ்வளவுதான் ஞாபகம். கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இரண்டு மணி நேரம் தூங்கியிருக்கிறார், அதுவும் கனவில்லாமல். மயிலாப்பூர் ஜாகையில் அவருக்கு அப்படி ஒரு தூக்கம் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. அங்கே ஆறு குடித்தனம், ஒரு குழாய். விடியுமுன்பே குடங்கள் மோதிக்கொள்ளும். படுத்தபடியே மூக்கை வைத்து எந்த வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிடலாம். மாடிக்காரர் திரும்பிப் படுத்தால் இவர் தலையில் காரை உதிரும். கட்சிக்காரர் வந்ததும் கஸ்தூரிரங்கன் கையெழுத்தைக் கேட்பதற்கு முன்னால், "இங்கே வாடகைக்கு வீடு கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டார்.

இதையெல்லாம் கடிதத்தில் இலக்கம் போட்டு எழுதியிருந்தார். ஒன்று, தண்ணீர் கற்கண்டாக இருக்கிறது. இரண்டு, பசுவை நம் கண்ணெதிரே கறக்கிறார்கள். மூன்று, மின்சார ரயில் வந்த பிறகு மாம்பலம் அரை மணிதான். நான்கு, கொல்லையில் அவரையும் புடலையும் காய்க்கின்றன. ஐந்து, காற்று. ஐந்தாவதைப் பற்றி நாலு வரி எழுதி அடித்துவிட்டு, காற்று என்று மட்டும் வைத்துக்கொண்டார். ஆறாவதாக, இத்துடன் இணைத்துள்ள அத்தாட்சிகளைப் பார்வையிடவும்.

ஐந்தாம் நாள் கார்டு வந்தது. ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் பொருத்தம் போதாதென்று தெரிகிறது, க்ஷேமம். கனகவல்லி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு அவர் என்ன எழுதினார் என்று கேட்டாள். அவர் நகல் வைத்திருந்தார். எதற்கும் நகல் வைத்திருப்பவர். அதையும் படித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்னா, இருமாத பொண்ணுக்கு இருமல் இல்லேன்னு யாராவது எழுதி வாங்குவாளோ?"

கஸ்தூரிரங்கன் நகலை வாங்கி மடித்தார். பாக்கி வைக்காதவன் ரசீதைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனால் ஊர் என்ன நினைக்கும் என்று அவரே கட்சிக்காரர்களுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்.

"தை வரைக்கும் பாக்கறேன்," என்றாள் கனகவல்லி. "அதுக்குள்ள இவளுக்கு ஒண்ணும் திகையலேன்னா, மயிலாப்பூருக்கே போயிடணும். அந்தக் குழாயடியில நான் நாலு பேரோட சண்டை போட்டுண்டு இருந்தா போறும். அப்பதான் நம்மாத்துல எல்லாரும் சௌக்கியம்னு ஜனங்க நம்பும்."

தாம்பரம் வந்த முதல் இரண்டு நாள் அழுதுவிட்டு மூன்றாம் நாள் கொல்லையைக் கொத்த ஆரம்பித்தவள் அவள். அவளுக்கும் போக மனசில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. வேதவல்லி கிணற்றடிக்குப் போனாள். பதினெட்டு வயது, நாலாவது பாரம் வரை படித்தவள். மயிலாப்பூரில் எந்நேரமும் நெற்றியில் சுக்குப் பற்று போட்டுக்கொண்டு இருண்ட கூடத்தில் கிடந்த பெண், இங்கே வந்து ஒன்றரை வருஷத்தில் தினம் முப்பது குடம் தண்ணீர் சேந்துகிறாள். நாலு தோசை சாப்பிட்டுவிட்டு ஐந்தாவதற்குக் காத்திருக்கிறாள். ராட்டினம் அன்றைக்கு வழக்கத்தைவிட வேகமாகச் சுழன்றது.

கார்த்திகை பிறந்ததும் இன்னொரு வரன் வந்தது. மயிலாப்பூர் சித்திரக்குளத்துப் பக்கம், பையன் பெயர் ராமானுஜம், மாம்பலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கனகவல்லியின் சித்தி பெண் மூலமாக வந்த பேச்சு. பையனின் அம்மா பெருந்தேவி எல்லாம் கேள்விப்பட்டிருந்தாள் என்பது அவள் சொல்லியனுப்பிய விதத்திலேயே தெரிந்தது. தாம்பரத்துக்கு வரமாட்டாளாம். ஆனால் அதற்குப் பக்கத்தில் திருநீர்மலையில் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறாளாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். அங்கே தற்செயலாகப் பார்த்தால் பார்த்ததுதான். கோயிலில் பெண் பார்ப்பது உலகத்தில் உள்ள வழக்கம்தான். பிடிக்காவிட்டால் இரண்டு தரப்பும் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு கௌரவமாகப் பிரிந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கஸ்தூரிரங்கன் சட்டைப் பையைக் கனகவல்லி தொட்டுப் பார்த்தாள். "அந்தக் காகிதங்களை எடுத்துண்டு வந்தேள்னா நான் வண்டியை விட்டே எறங்கமாட்டேன்," என்றாள். அவர் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தார். தஸ்தாவேஜு இல்லாமல் கோர்ட்டுக்குப் போகிற மாதிரி இருந்தது.

ஐப்பசி மழையில் ஏரிகள் எல்லாம் நிரம்பி, திருநீர்மலை தண்ணீருக்கு நடுவே நின்றது. பல்லாவரம் ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கினார்கள் பிள்ளை வீட்டார் மூன்று பேரும். பெருந்தேவி நல்ல ஸ்தூல சரீரம், மூக்கில் வைரம். அவள் கணவர் மலையை அண்ணாந்து பார்த்த பார்வையிலேயே ஏறமாட்டார் என்று தெரிந்தது. ராமானுஜம் ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, வண்டிக்காரனிடம் ஏரியின் பெயரை விசாரித்துக்கொண்டிருந்தான். கீழ்ச் சன்னதியில் சேவித்துவிட்டுப் படிக்கட்டுக்கு வந்தபோது, பெருந்தேவி வேதவல்லியைத் தன் பக்கத்தில் அழைத்துக்கொண்டாள். எல்லோரும் பெண்ணின் முகத்தைப் பார்ப்பார்கள். பெருந்தேவி முகத்தைச் சீக்கிரமாகப் பார்த்து முடித்துவிட்டு, கழுத்துக்குக் கீழே மூச்சு ஏறி இறங்குகிற இடத்திலேயே கண்ணை வைத்திருந்தாள்.

"நீயும் நானுமா பேசிண்டே ஏறலாம் வா," என்றாள்.

பேசிக்கொண்டே ஏறுவது பரீட்சை என்று பின்னால் வந்த கஸ்தூரிரங்கனுக்குப் புரிந்தது. பழக்க தோஷத்தில் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார். நாற்பதாவது படியில் பெருந்தேவி பேச்சைக் குறைத்தாள். எழுபதில் நின்றாள். நூற்றுச் சொச்சத்தில் ஒரு மண்டபத் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர்க் கூஜா கீழே வண்டியில் இருந்தது. "இதோ வரேன் மாமி," என்று வேதவல்லி பாவாடைக்காரச் சிறுமி போலக் குதித்து இறங்கினாள். ராமானுஜம் தானும் போக ஓரடி வைத்தான். அதற்குள் அவள் பாதி தூரம் போய்விட்டிருந்தாள். போன சுருக்கிலேயே கூஜாவுடன் திரும்பி வந்து, டம்ளரில் ஊற்றி, "மெள்ளக் குடிங்கோ, பொரையேறிடும்," என்றாள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கவில்லை. பெருந்தேவி டம்ளருக்கு மேலாக அவளைக் கவனித்துக்கொண்டே குடித்தாள்.

கஸ்தூரிரங்கனுக்குப் பெருமையில் வாய் சற்றே திறந்துவிட்டது. கார்த்திகை மாதத்துப் பூச்சி ஒன்று நேராக உள்ளே போயிற்று.

தொண்டையில் அது ஒட்டிக்கொண்டது. அவர் விழுங்கப் பார்த்தார். இன்னும் உள்ளே போய் நமைத்தது. உதட்டை இறுக்கிக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது. வருஷக்கணக்காக வக்கீல் எதிரே தும்மலை அடக்கிய அனுபவத்தையெல்லாம் திரட்டிப் பார்த்தார். கனகவல்லி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அந்த க்ஷணத்தில் தை மாதமும், குழாயடியும், தலையில் உதிரும் காரையும், வேதவல்லியின் நெற்றியில் சுக்குப் பற்றும் வரிசையாக அவர் முன்னால் வந்து நின்றன. பிறகு இருமினார். ஒன்று, இரண்டு, ஐந்து. மலையே அதிர்கிற மாதிரி இருமினார்.

பெருந்தேவியின் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

வேதவல்லிதான் சிரித்தாள். அடக்க முடியாமல், தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா படியை எண்ணிண்டு வரச்சே வாயை மூடவே மாட்டார், மாமி. பூச்சி போயிடுத்து. இன்னிக்குன்னு பார்த்து." பிறகு பெருந்தேவிக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "உங்களுக்கு என்ன சந்தேகம்னு எங்க எல்லாருக்கும் தெரியும். கையை வச்சுப் பாருங்கோ. நன்னா அழுத்தி."

கஸ்தூரிரங்கன் இருமலை மறந்தார். பெருந்தேவி வெட்கப்பட்ட மாதிரிதான் இருந்தது. ஆனாலும் உள்ளங்கையை அந்த முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவே வைத்தாள். வேதவல்லி மூச்சை இழுத்தாள். இழுத்துக்கொண்டே போனாள். பெருந்தேவியின் கை அந்த மூச்சோடு மேலே போய்க் கீழே வந்தது. இரண்டாம் தடவையும் போய் வந்தது. மூன்றாம் தடவை கையை எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை.

"ஏண்டி கொழந்தே," என்றாள் கடைசியில், குரல் இறங்கி. "நன்னா இருக்கறவா எதுக்குடி அங்க போய் இருக்கேள்?"

"அந்த ஆஸ்பத்திரியில இருக்கறவாளும் நல்ல காத்துக்குன்னுதானே மாமி வந்திருக்கா. அவாளைத் தேத்தற காத்து எங்களை மட்டும் என்ன பண்ணிடும்? எனக்கு மயிலாப்பூர்ல தெனம் தலைவலி. இங்க வந்தப்பறம் தலை இருக்கறதே தெரியலை."

"எங்காத்துலயும் ஆறு குடித்தனம்தான். ஒரே குழாய்." பெருந்தேவி இதைச் சொன்னபோது தன் மகனைப் பார்த்தாள். "அங்க வந்து என்ன பண்ணுவே?"

சரி மாமி, பழகிண்டுடுவேன் என்று சொன்னால் போதும், காரியம் முடிந்தது. கனகவல்லியின் உதடுகள் அந்தப் பதிலைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொடுத்தன.

"பொய் சொல்லப்படாது மாமி, மலைமேல பெருமாள் இருக்கார்," என்றாள் வேதவல்லி. "எனக்குத் திரும்பி அங்க வர இஷ்டமில்லை."

கனகவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். கஸ்தூரிரங்கன் இனிக் கீழே இறங்கி, பிரசாதம் வாங்கிக்கொண்டு, வண்டியேற்றிவிட வேண்டியதுதான் என்று காரியங்களை மனசில் வரிசைப்படுத்த ஆரம்பித்தார். அப்போதுதான், அதுவரை அவர்களிடம் ஒரு வார்த்தை பேசாத ராமானுஜம் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்.

"மாமா, மாம்பலத்துல ஒன்பதே முக்காலுக்கு இருக்கணும்னா, தாம்பரத்துல எத்தனை மணி வண்டியைப் பிடிக்கணும்?"

முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டி வரை தலைகீழாக ஒப்பிக்கக்கூடிய கஸ்தூரிரங்கனுக்கு அந்தச் சமயத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"எட்டு அம்பது," என்றாள் வேதவல்லி, படிக்கட்டைப் பார்த்தபடி. "அது தப்பினா ஒன்பது அஞ்சு. ஆனா எறங்கினதும் ஓடணும்."

"ஓடுவேன்," என்றான் ராமானுஜம்.

"பாத்தேளா," என்றாள் பெருந்தேவி பொதுவாக எல்லோரிடமும். "பெத்தவ பக்கத்துல உக்காந்திண்டிருக்கேன். என்னை ஒரு வார்த்தை கேக்கலை, வண்டி நேரம் கேக்கறான்." அவள் குரலில் கோபத்தைத் தேடிப் பார்த்தார் கஸ்தூரிரங்கன். கிடைக்கவில்லை. அவள் டம்ளரை வேதவல்லியிடம் கொடுத்துவிட்டு, முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். கை கொடுக்க வந்த மகனை விலக்கினாள். ஒரு படிக்கு ஒரு மூச்சாக ஏறினாள். மற்றவர்கள் பின்னால் மெதுவாகப் போனார்கள். பூச்சிக்குப் பயந்து கஸ்தூரிரங்கன் படிகளை எண்ணாமலே ஏறினார்.

சன்னதி திறந்துதான் இருந்தது. பெருந்தேவி நேரே அங்கே போகவில்லை. மதில் ஓரமாகப் போய் நின்றாள். கீழே ஏரிக்கு அப்பால் ஏரியாக வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. அவற்றுக்கு அந்தண்டை, தூரத்தில், புகையில்லாமல் சத்தமில்லாமல் ஒரு ரயில் தெற்கே போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து வந்த காற்று அவள் முந்தானையைப் பிடித்து ஒருபக்கமாக உப்ப வைத்தது. அவள் அதை இழுத்துச் செருகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாய் நிறைய, மார் நிறைய ஒரு மூச்சு இழுத்தாள். வைத்திருந்தாள். விட்டாள். பிறகு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல், இன்னொன்று இழுத்தாள்.