பக்கத்துக் கட்டில்

கிட்டுசாமி முதுகுவலி என்று ஆஸ்பத்திரியில் வந்து படுத்து நாலு நாள் ஆகியும் ஒரு நர்சுப் பிள்ளைகூட அவர் கட்டிலருகே ஐந்து நிமிடம் நின்றதில்லை. காய்ச்சல் பார்ப்பார்கள், மாத்திரை கொடுப்பார்கள், போய்விடுவார்கள். கூட்டமெல்லாம் பக்கத்துக் கட்டில் மகுடேஸ்வரனுக்குத்தான்.

மகுடேஸ்வரன் வேற்றாள் இல்லை. மண்ணரை பனியன் கம்பெனியில், துணிக்கு நீராவி கொடுத்துத் தேய்க்கும் காலண்டரிங் மெஷினில் இருவரும் இருபது வருசம் ஒன்றாக நின்றவர்கள். கிட்டுசாமிதான் மூத்தவர். சூப்பர்வைசர் நாற்காலி என்னவோ மகுடேஸ்வரனுக்குப் போனது. முதலாளியிடம் பல்லிளிக்கத் தெரிந்தவனுக்கு என்ன குறைச்சல் என்று கிட்டுசாமி அன்றைக்கே காறித் துப்பினார். இப்போது சீக்கிலும் அவனுக்குத்தான் மரியாதை.

காலையில் நர்சிங் காலேஜ் பிரிசில்லா டீச்சர் பத்துப் பிள்ளைகளோடு வந்து மகுடேஸ்வரன் கட்டிலருகே நின்று பாடம் எடுத்தார். மூத்திரப்பைக்குக் கீழே ஆம்பிளைகளுக்குக் கொட்டைப்பாக்கு அளவில் ப்ராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். வயதானால் பலருக்கு அது சும்மாவே வீங்கும்; வீங்கினதெல்லாம் புற்றுநோய் இல்லை. புற்றுநோயோ ஆரம்பத்தில் மூச்சே காட்டாது. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. பார்த்து, ஆசனவாயில் விரல் விட்டுத் தடவி, சதை கிள்ளிச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்லலாம் என்றார். மகுடேஸ்வரன் ராத்திரிக்கு நாலு தடவை எழுந்து போவதை ஒரு பிள்ளை பக்தியாக எழுதிக்கொண்டது.

கிட்டுசாமிக்குப் பொறுக்கவில்லை.

"நாலெல்லாம் ஒரு கணக்கா கண்ணு? நான் ஏழு தடவை எந்திரிக்கறேன். போன மாசம் ரத்தமாவே போச்சு."

மகுடேஸ்வரன் சிரித்தான். "அண்ணன் இங்கயும் போட்டிக்கு வந்துட்டாருங்க."

டீச்சர் சிரிக்கவில்லை. "ஏனுங்கய்யா, இதை டாக்டருகிட்டச் சொல்லலீங்களா?"

எதற்குச் சொல்ல வேண்டும்? நீராவி மெஷின் முன்னால் நிற்கிறவனுக்கு நீர் சுருக்கிக்கொண்டுதான் போகும். சூடு. தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தால் அடங்கும். கம்பெனியில் அத்தனை பேரும் அதைத்தான் செய்தார்கள். டாக்டரிடம் வாயைத் திறந்தால் கத்தியைத் தூக்குவான்.

வலி எப்போதிலிருந்து, கால் மரத்துப்போகிறதா, உடம்பு இளைத்ததா என்று டீச்சர் கேட்கக் கேட்க, பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக இந்தப் பக்கம் திரும்பினார்கள். கிட்டுசாமி தலையணையை உயர்த்திச் சாய்ந்துகொண்டு, பெண்டாட்டி செல்லாத்தாளிடம்கூடச் சொல்லாத ஆறு மாதக் கதையைச் சொன்னார்.

டாக்டர் விரல் விட்டுப் பார்க்கவேண்டும் என்றதும் கிட்டுசாமி எகிறினார். மகுடேஸ்வரன் இதற்கு ஒத்துக்கொண்டானா என்று கேட்டார். ஒத்துக்கொண்டான் என்று தெரிந்ததும் தானே வேட்டியைத் தளர்த்திச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

ரிப்போர்ட் எல்லாம் வர இரண்டு வாரம் ஆயிற்று. மகுடேஸ்வரனுக்குப் புற்றுநோய் சுரப்பிக்குள்ளேயே நிற்கிறது, ஆபரேஷனில் எடுத்துவிடலாம். கிட்டுசாமிக்கு முதுகெலும்புக்கு ஏறிவிட்டது. ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி போட்டால் சில வருசம்கூட அமுங்கிக் கிடக்கும், அடியோடு போகாது என்று டீச்சர் ஒளிக்காமல் சொன்னார்.

மறுநாள் காலை பத்துப் பிள்ளைகளும் நோட்டோடு அவர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மோனிஷா என்ற பிள்ளை, ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள் என்று கேட்டது. கிட்டுசாமி தலையைத் திருப்பிக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலில் மகுடேஸ்வரன் தன்பாட்டுக்குச் சாத்துக்குடி உரித்துத் தின்றுகொண்டிருந்தான். யாரும் அவனை எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கட்டிலைப் பார்க்கப் பார்க்கக் கிட்டுசாமிக்கு வயிறு எரிந்தது.