தகவல் தந்தவர்

இறப்புப் பதிவு அலுவலகத்தின் இரண்டாம் கவுண்டரில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருந்தவளுக்கு அழுகை பழகிப்போயிருந்தது. யார் வந்து அழுதாலும் கண்ணாடி இடுக்கு வழியாகப் படிவத்தை நீட்டி, "நிதானமா எழுதுங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்பாள். அழாமல் வருகிறவர்கள்தான் அவள் நினைவில் நின்றார்கள். நர்ஸம்மா அவர்களில் ஒருத்தி.

நர்ஸம்மா நர்ஸ் இல்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர்களை அவரவர் வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்பவள். பூசினாற்போன்ற உடம்பு, எந்நேரமும் சோப்பு வாசனை. அவள் பார்த்துக்கொண்டவர் இறந்தால், வீட்டார் இடிந்துபோய் உட்கார்ந்திருக்க, டாக்டர் கொடுத்த சீட்டோடு அவளே பதிய வந்துவிடுவாள். 'தகவல் தந்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, அடியில் இரண்டு புள்ளி வைப்பாள்.

"என்ன நர்ஸம்மா, மறுபடியுமா?"

"என் கைராசி அப்படி. நான் போய்ச் சேர்ந்தா அவங்க போய்ச் சேர்ந்துடறாங்க."

இருவரும் சிரித்திருக்கிறார்கள்.

அந்த வருஷம் பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை வந்தது. நாலு வருஷத்துப் பக்கங்களைப் புரட்டியபோது அந்த இரண்டு புள்ளிகள் எட்டு இடத்தில் தென்பட்டன. எட்டிலும் காரணம் வயது மூப்பு. எட்டிலும் இறந்த நேரம் பிற்பகல் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் நேரம். 

அன்று சாயங்காலம் கணவனிடம் சொன்னாள்.

"வயசானவங்க சாகாம வேற யாரு சாவாங்க?" என்றான் அவன். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காத. தப்பாப் போச்சுன்னா உன் வேலைதான் போகும்."

அவளும் வாயை மூடிக்கொண்டாள். மூன்று வாரம் ஓடியது. அப்புறம் ஒரு காலையில் நர்ஸம்மா ஒன்பதாவது சீட்டோடு வந்து நின்றாள். எழுபது வயதுப் பெண்மணி. நேரம், இரண்டு இருபது.

அவள் சீட்டை வாங்கி முத்திரை குத்தினாள். நர்ஸம்மாவின் பார்வை மேஜைமேல் விரிந்து கிடந்த பதிவேட்டில் இருந்தது.

"பழசெல்லாம் புரட்டறீங்க போலிருக்கே?"

"ஆமா. கம்ப்யூட்டர்ல ஏத்தணுமாம்."

"உங்க வீட்ல பெரியவங்க யாராவது முடியாம இருக்காங்களா?"

"யாருமில்ல."

"இருந்தா சொல்லுங்க. உங்களுக்குன்னா உடனே வந்துடுவேன்."

மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே அவள் காவல் நிலையத்துக்குப் போனாள்.

இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார். "கைராசி இல்லாதவங்களை எல்லாம் உள்ள போட்டா பாதி டாக்டருங்க ஜெயில்லதாம்மா இருக்கணும்." அவள் எழுதி வந்திருந்த நேரங்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனவர், ஐந்தாவதில் நிறுத்தினார். அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

நாலாம் நாளே நர்ஸம்மா புது வீட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பக்கவாதத்தில் விழுந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். இன்ஸ்பெக்டர் அவருடைய மகளிடம் விஷயத்தைச் சொல்லிச் சாவி வாங்கிக்கொண்டு, ஒரு பெண் போலீஸோடு பக்கத்து அறையில் ஒளிந்திருந்தார். முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் இரண்டு மணிக்கு அறைக்குள் தண்ணீர்ச் சத்தம் நின்றது. கதவைத் தள்ளினார்கள். கிழவரைத் துடைத்துப் புதுச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். மடியில் தலையணை. கையில் சீப்பு.

"கொஞ்சம் பொறுங்க சார்," என்றாள் பதறாமல். "தலையை வாரி முடிச்சுடறேன்."

பதினொரு பேரைச் சொன்னாள். அதில் இரண்டு பேரை வீட்டாரே பதிவு செய்திருந்தார்கள். இத்தனைக்கும் ஆரம்பம் எங்கே என்று இன்ஸ்பெக்டர் தோண்டிக் கேட்டிருக்கிறார். பின்னால் கவுண்டர்க்காரியிடம் வாக்குமூலம் எழுதிக்கொள்ள அலுவலகம் வந்தபோது அதைச் சொன்னார்.

"அவளுக்கு ஒன்பது வயசு இருக்கும்போது அம்மா படுக்கையில விழுந்துட்டாங்க. அப்பன் ஓடிட்டான். ஆறு வருஷம் இந்தப் பொண்ணுதான் எல்லாம் பார்த்திருக்கு. பொறுப்பான பிள்ளைன்னு தெருவே மெச்சியிருக்கு. ஒருத்தர் வந்து எட்டிப் பார்க்கல. பதினஞ்சு வயசுல, ஒருநாள் ரெண்டு மணிக்கு, அம்மா மூஞ்சில தலையணையை வெச்சு அமுக்கியிருக்கா. 'அன்னிக்குத்தான் சார் முதல் தடவையா மத்தியானம் தூங்கினேன்'னு சொல்றா."

"சொல்லும்போது அழுதாங்களா?"

"இல்லம்மா. கொட்டாவி விட்டா."

தண்டனை ஆனபின் இறப்புக் காரணத்தைத் திருத்தச் சொல்லி உத்தரவு வந்தது. குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒருநாள், அந்த ஒன்பதாவது சீட்டுக்குரிய பெண்மணியின் மகன் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றான். பஸ் டிரைவர், சீருடையோடு வந்திருந்தான்.

"நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே," என்றான். "நல்லா இருப்பீங்க. அம்மா அன்னிக்குக் காலையிலகூட என்னைத் திட்டினாங்க, சாப்பிடாமப் போறேன்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "உங்களுக்கு எப்பங்க தெரிய வந்துது?"

'அப்புறம்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் துருவிக் கேட்கப் போவதில்லை.

"உங்கம்மா போறதுக்கு மூணு வாரம் முன்னாடி," என்றாள். "பயந்துட்டு யார்கிட்டயும் சொல்லல."

 அவள் நீட்டிய படிவத்தை அவன் வாங்கவில்லை. நகர்ந்து, முதல் கவுண்டர் வரிசையின் கடைசியில் போய் நின்றான். அங்கே அவனுக்கு முன்னால் இருபது பேர் இருந்தார்கள்.