ரிசீவரை எடுக்காத நாள்

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் லிஃப்ட் மெக்கானிக் மகனுடைய அறைக்குள் நுழைந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினார். ஐம்பது வயதைத் தாண்டியபின், குடியிருக்கும் வீட்டில், கட்டிய மனைவிக்குத் தெரியாமல் திருடனைப்போல அடிமேல் அடி வைத்து நடப்பது அவருக்கே கேவலமாகத்தான் இருந்தது. என்ன செய்வது, கை அரித்தது. இன்றைக்கு மட்டும் கம்ப்யூட்டருக்காகப் போன் லைனைத் தொடுவதில்லை என்று நேற்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். இன்று அவள் பிறந்தநாள். வீட்டைவிட்டுப் போன அன்று மகன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உன் பொறந்த நாளைக்குப் பேசுறேம்மா" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அப்பாவிடம் அதுவும் இல்லை. அதற்குப் பிறகு போன் இல்லை, கடிதம் இல்லை, எந்தத் தெருவில் இருக்கிறான் என்பதுகூடத் தெரியாது. வேறு ஊரில் ஏதோ கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான் என்று அவனோடு படித்த ஒருவன் சொன்னான். ஒரு மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தான். ஒரே பிள்ளையைப் பற்றி அந்த வீட்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

போன் ஹாலில் ஒரு ஸ்டூல்மேல் இருந்தது. அவன் போனதிலிருந்து அவள் அதன் ரிசீவரைத் தானாக எடுப்பதே இல்லை. தான் எடுக்கிற அந்த நொடியில் அவன் அடித்து, லைன் கிடைக்காமல் வைத்துவிட்டால்? இரண்டு தெரு தள்ளியிருக்கும் தங்கையிடம் பேச வேண்டுமென்றால்கூடக் கணவரை ஸ்டூலுக்குக் காவல் வைத்துவிட்டுக் கடைவீதி டெலிபோன் பூத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வருவாள். வீட்டில் போனை வைத்துக்கொண்டு வெளியே காசு கொடுத்துப் பேசுகிற ஒரே மகராசி நீதான் என்று அவர் கேலி செய்வதுண்டு. ஒருமுறை டோன் வருகிறதா என்று பார்ப்பதற்காக அவர் ரிசீவரைத் தூக்கிவிட்டார். "இப்ப அவன் பண்ணியிருந்தா?" என்று ஒன்றுதான் கேட்டாள். அன்றைக்கும் மறுநாளும் அவள் வாயிலிருந்து வேறு சொல் வரவில்லை. அதிலிருந்து அவரும் அதைத் தொடுவதில்லை.

அவருக்கோ போனைவிடக் கம்ப்யூட்டர்மேல்தான் நம்பிக்கை. போன் வந்தால் அவன் அம்மாவோடு பேசுவான், வைத்துவிடுவான். தனக்கு அதில் பங்கு கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அதற்குக் காரணம் வேறு யாருமில்லை, அவருடைய நாக்குதான். சொல்லிச் சொல்லித் தன் கம்பெனியிலேயே மகனுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். லிஃப்டின் தலைமேல் நின்று கிரீஸும் தூசியுமாக வேலை பார்ப்பது அவனுக்கு ஒத்துவரவில்லை. விட்டுவிட்டு வந்து, யாரோ கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, அதில் லினக்ஸ் என்ற சிஸ்டத்தைப் போட்டுக்கொண்டு அறையே கதி என்று கிடந்தான். காசில்லாமல் கிடைப்பது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று அதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். சும்மா கொடுக்கிறவன் எவனுடா இந்த உலகத்தில் என்பார் இவர். வீட்டுப் போன் லைன் வழியாகவே இணையத்தைக் கொண்டுவரும் மோடம் கார்டு அதில் வேலை செய்யவில்லை. கார்டை மாட்டினான், கழற்றினான், மறுபடி மாட்டினான். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. அப்படி ஒரு சாயங்காலம், நடு மாடியில் நின்றுபோன லிஃப்டிலிருந்து ஆட்களை வெளியே எடுத்து, அந்த ஆட்களிடமே வசவும் வாங்கிக்கொண்டு, பசியோடு வீட்டுக்கு வந்தவர் மகனின் முதுகைப் பார்த்துச் சொன்னார்: "இந்த வீட்டுல சும்மா கெடக்கிறது ரெண்டு. ஒண்ணு அந்த சிஸ்டம், இன்னொண்ணு நீ."

சொன்னபோது அது அவருக்கு நல்ல நகைச்சுவையாகவே பட்டது. சிரித்தும்விட்டார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் போய்விட்டான். கம்ப்யூட்டரை அணைக்காமலே போயிருந்தான். அந்த விசிறிச் சத்தம் சாயங்காலம் கரண்ட் போகும்வரை வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அணைக்க இருவருக்குமே தெரியவில்லை.

முதலில் அவர் பிரௌசிங் சென்டருக்குத்தான் போனார். அங்கிருந்தவர்கள் அவர் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கிக் கொடுத்தார்கள். முதுகுக்குப் பின்னால் நாலு பேர் காத்துக்கொண்டு நிற்க, பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி? சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதி அனுப்பினார். பதில் வரவில்லை. மகனுக்கு மோடம் விற்ற கடைக்காரப் பெண்ணிடம் போய்ப் புலம்பினார். அவள் இரண்டு பிள்ளைகளின் தாய். பேச்சு கம்மி, வேலை அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். அதிலிருந்து போகும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ஒரு வரி தானாக ஒட்டிக்கொள்ளும்படி அவன் செய்து வைத்திருந்தான்: 'இது லினக்ஸிலிருந்து, என் அறையிலிருந்து.' அந்த வரியோடு இதுவரை ஒரு கடிதமும் போனதில்லை.

அதைப் பார்த்ததிலிருந்துதான் அவருக்குப் பைத்தியம் பிடித்தது. இந்த அறையிலிருந்து, இந்த வரியோடு ஒரு கடிதம் அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும். மன்னித்துவிடு என்று எழுதவே வேண்டாம். அதைச் செய்ய அப்பா என்ன பாடு பட்டிருப்பார் என்பது உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

பாடு கொஞ்சநஞ்சமல்ல. அந்த மோடம் பாதி மோடம்தான் என்று கடைக்காரப் பெண் விளக்கினாள். மீதி வேலையை ஒரு மென்பொருள் செய்ய வேண்டும். கார்டு தயாரித்த கம்பெனி அதை, ஊரில் எல்லாரும் வைத்திருக்கும் சிஸ்டத்துக்கு மட்டும் எழுதியிருக்கிறது. லினக்ஸுக்கு வேறு யாரோ புண்ணியவான் எழுதி இணையத்தில் போட்டிருக்கிறான். அதை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர மோடம் வேண்டும், மோடம் ஓட அது வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்கிற கதை. அவள் தன் கடையில் இறக்கி ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்தாள். அது வேறு பதிப்புக்கானது. அடுத்ததில் பாதி கோப்புகள் படிக்க முடியாமல் போயின. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி, நடுவில் ஓர் இடைவெளி விட மறந்ததற்காக மறுபடி முதலிலிருந்து தட்டி, சாண் ஏறினால் முழம் சறுக்கியது. லிஃப்ட் நின்றால் அவருக்கு டெஸ்டர் போதும். கரண்ட் எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். இங்கே எந்த ஒயரும் அறுந்திருக்கவில்லை, ஆனால் எதுவும் ஓடவில்லை. எங்கே தொட்டுப் பார்ப்பது என்றே தெரியாத பழுதை அவர் வாழ்நாளில் சந்தித்ததில்லை. அவனும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொள்வார். அந்த முதுகு அப்போது கண்முன் வரும். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்காருவார்.

நேற்றுதான் கடைசி ஃபிளாப்பி ஒரு பிழையும் சொல்லாமல் ஏறியது. ஏறிய நேரமாகப் பார்த்து மனைவி அறை வாசலில் வந்து நின்று வாக்குக் கேட்டாள். கொடுத்தார்.

குளியலறையில் தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. அவர் கடைக்காரப் பெண் சொல்லிக்கொடுத்த வரியைத் தட்டினார். பெட்டிக்குள்ளிருந்து டயல் டோன் கேட்டது. ஒவ்வோர் எண்ணாக அழுத்தும் சத்தம், பிறகு எதிர்முனையில் மணி, பிறகு அந்தக் கீச்சும் கரகரப்பும். அத்தனை நாள் அவன் கேட்கத் தவம் கிடந்த சத்தம் இதுதானா என்று நினைத்தபோது கண்ணில் நீர் வந்தது. ஆனால் கரகரப்பு அடங்கியதோடு சரி. திரையில் அதற்குமேல் ஒரு வரியும் வரவில்லை. காத்திருந்தார். கர்சர் மட்டும் விட்டுவிட்டு மின்னியது. குளியலறையில் தண்ணீர் நின்றது. அவர் பதறிப்போய்த் திரையில் திறந்திருந்த கட்டத்தை மூடி, மானிட்டரை அணைத்து, செய்தித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்தார். விசிறிச் சத்தம் அந்த வீட்டுக்குப் பழகிப்போன சத்தம். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குளித்து வந்தவள், வெளியே போகும்போது மட்டும் கட்டும் சேலையைக் கட்டி, தலை வாரி, ஸ்டூலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். போனில் முகமா தெரியப்போகிறது என்று கேட்க அவருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நாக்கால் பட்டது போதும் என்று அடக்கிக்கொண்டார்.

"அவன் கூப்பிட்டா நீங்களும் பேசணும்" என்றாள்.

"எங்கிட்ட அவன் பேசுவானா?"

"அவன் பேசலைன்னா நீங்க பேசுங்க. நாலு வார்த்தை பேசினா வாயிலேருந்து முத்தா உதிர்ந்திடும்?"

பேசுகிறேன் என்றார். உண்மையாகவே அந்த நாலு வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்க்கவும் தொடங்கினார். காலை போயிற்று. அவன் வேலைக்குப் போயிருப்பான், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் கூப்பிடுவான் என்றாள். மத்தியானமும் போயிற்று. சாப்பாட்டைத் தட்டில் போட்டு அவள் மடியில் கொண்டுவந்து வைத்தார். இரண்டு வாய் சாப்பிட்டாள். மெல்லும் சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடுமோ என்பதுபோல நடுநடுவே நிறுத்திக் கவனித்தாள். வெளியே எங்கோ சைக்கிள் மணி அடித்ததற்கே ஒருமுறை கை ஸ்டூலுக்குப் போய்த் திரும்பியது. வேலை முடிந்தபிறகு கூப்பிடுவான், அப்போதுதான் நிம்மதியாகப் பேச முடியும் என்றாள். அதன்பிறகு அவள் காரணம் எதுவும் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லக் காரணம் தீர்ந்துபோனதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாததாக இருந்தது.

"டோன் வருதான்னு ஒருதரம் பாத்துடட்டுமா?" என்று கேட்டார்.

அவள் போனை அணைப்பதுபோல அதன்மேல் கையை வைத்தாள். "இன்னைக்கா? வேண்டாங்க."

பொழுது சாயும் நேரத்தில், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் பொறுக்காமல், காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கீழே இறங்கினார். ஊரிலுள்ள மாடிகளுக்கெல்லாம் லிஃப்ட் பார்ப்பவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி இறங்கி வந்தபோது எதிரே மைத்துனி வந்துகொண்டிருந்தாள். கையில் அக்காவுக்காக ஒரு பொட்டலம். முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாழ்த்துச் சொல்லலாம்னு காலையிலேருந்து போன் பண்றேன் மாமா. எப்ப பண்ணினாலும் என்கேஜ்டு. முதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு. அப்புறந்தான் புரிஞ்சுது, தம்பி பேசிட்டிருக்கான்னு. அக்கா ஆசை தீரப் பேசட்டும்னு நானும் விட்டுட்டேன். என்ன சொன்னான்? வர்றானாமா?"

அவர் திரும்பி மேலே, தன் வீட்டைப் பார்த்தார். லிஃப்டில் ஏதாவது ஒரு மாடியில் கதவு ஒரு விரல்கடை திறந்திருந்தால் போதும், எந்த மாடியிலிருந்து யார் எத்தனை தடவை பட்டனை அழுத்தினாலும் அது வராது. கதவை இழுத்து மூடுங்கள், இழுத்து மூடுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற மனிதர் அவர். கட்டத்தை மூடினோமே, லைனை மூடினோமா என்று காலையிலேயே தோன்றியிருக்க வேண்டாமா? அந்த அரைகுறை மோடம் ஒரு சத்தமும் இல்லாமல் காலையிலிருந்து லைனைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவனும் அழுத்தியிருப்பான். ஒருமுறையா, பலமுறையா? அம்மா இன்றைக்கும் யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தானோ? இல்லை, அப்பாதான் வேண்டுமென்றே ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டார் என்று நினைத்தானோ? அப்படித்தான் நினைத்திருப்பான். அவரை அவனுக்குத் தெரிந்தவரைக்கும் அப்படித்தான் நினைக்க முடியும். ஒருவேளை அவன் கூப்பிடவே இல்லாமலும் இருக்கலாம். அதை இனி யாரும் சொல்ல முடியாது.

மைத்துனியைக் கீழேயே விட்டுவிட்டு வேகமாகப் படியேறினார். மூச்சிரைத்தது. ஹாலைக் கடக்கும்போது மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மகனின் அறைக்குள் போய், கம்ப்யூட்டரின் முதுகில் கைவிட்டுத் தடவி, போன் ஒயரைப் பிடுங்கினார்.

ஹாலில் போன் 'டிங்' என்றது. மணி அல்ல அது. விட்டுப்போன லைன் திரும்பி வந்ததில் எழுந்த ஒரு சிணுங்கல், அவ்வளவுதான். ஆனால் அது அடங்குவதற்குள் அவள் ரிசீவரை எடுத்திருந்தாள்.

"தம்பி?" என்றாள். "சொல்லுப்பா. அம்மாதான்."

அவர் அறை வாசலுக்கு வந்து நின்றார். கையில் ஒயர் தொங்கியது. வீடு இருந்த அமைதியில் டயல் டோன் அவருக்கே கேட்டது. ஒரே சீராக, யாரும் இல்லாத சத்தம். அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். "லைன் சரியில்லப்பா, கொஞ்சம் சத்தமாப் பேசு" என்றாள். அவள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை லைன் மறுபடியும் என்கேஜ்டாகவே இருக்கும். வைத்துவிடு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

படியேறி வந்த மைத்துனி வாசலில் நின்று அக்காவைப் பார்த்தாள். பார்த்தவளின் முகம் மலர்ந்தது. பேசவேண்டாம், தொந்தரவு செய்யவேண்டாம் என்று அவரைப் பார்த்து உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

மனைவி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, தலையைக் குனிந்து, இன்னொரு கையால் மற்றக் காதைப் பொத்திக்கொண்டாள்.