இருநூறு சட்டைகளில் பேட்ஜ் இல்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்கா தொலைபேசியில் அழுதாள். அவள் மூக்கைச் சிந்துவதற்குள் நான் இந்தக் கதைக்கு முதல் வரியைக் குறித்துக்கொண்டேன். தம்பி எழுத்தாளனாக வாய்த்தால் இப்படித்தான்.

2

[அந்த முதல் வரி: "கப்பல்கள் போய்விட்ட துறைமுகத்தில் காற்று மட்டும்..." வேண்டாம். காற்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.]

தெரிந்ததைச் சொல்கிறேன். அக்காவின் கணவர் தையல்காரர். கடற்படைத் தளத்தின் வாசலுக்கு எதிரே கடை, அதன் பின்கட்டிலேயே வீடு. பக்கத்தில் சலூன், அடுத்து சலவைக்கடை. கப்பல் வந்தால் சலூனில் உட்கார இடம் இருக்காது. போய்விட்டால் சலூன்காரர் தன் தலையையே வாரிக்கொண்டிருப்பார்.

திங்கள் காலை தளத்திலிருந்து இருநூறு சட்டைகள் வந்தன. மேலே ஒரு சீட்டு: "பேட்ஜ்களைப் பிரித்துவிடவும்." இருபத்தாறு வருடங்களில் பழையதைப் பிரிக்கச் சொன்னபோதெல்லாம் தைப்பதற்குப் புதியதும் கூடவே வரும். இந்த முறை வரவில்லை. பிரிக்கப் பிரிக்க மாமாவுக்கு விளங்கிவிட்டது: தளத்தை மூடப் போகிறார்கள்.

(எதிரே போய்க் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? நானும் மாமாவிடம் கேட்டேன். "கெட்ட சேதிய யாராவது தேடிப் போய் கேப்பாங்களா?" என்றார்.)

மத்தியானத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. சலவைக்கடை அம்மா வாசல் வரை வந்த புது இயந்திரத்தைத் திருப்பி அனுப்பினார். சலூன்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். அக்கா என்னை அழைத்தாள்.

"உன் வீட்ல ஒரு ரூம் கெடைக்குமாடா? கடையக் காலி பண்றோம்னு மாமா நாளைக்கு ஓனர்கிட்ட சொல்லப் போறாரு."

3

ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். என் மேல்தான். "வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு, வெறிச்சோடிய தெருவைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். அருமையாக வந்தது. வெட்கமாக இருக்கிறது.

4

மறுநாள் மாமா ஓனரைப் பார்க்கச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, தளத்தின் கிடங்கு அதிகாரி வந்து நின்றார்.

"புது பேட்ஜ் தெச்சாச்சா? வெள்ளிக்கிழமை அணிவகுப்பு."

"எந்த பேட்ஜ்?"

"சனிக்கிழமையே அனுப்பினேனே! உங்க கடை பூட்டியிருந்துச்சுன்னு டிரைவர் சலூன்ல வெச்சுட்டு வந்தாரே."

இருவரும் சலூனுக்கு ஓடினார்கள். சலூன்காரர் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து தளத்துக்காகத் துக்கம் அனுஷ்டித்துக்கொண்டிருந்தார். (டிரைவர் வந்தபோது அவர் சாப்பிடப் போயிருந்தார். யாரோ மறந்துவிட்டுப் போன மூட்டை என்று நினைத்தாராம்.) அவரை எழுப்பிப் பிரித்துப் பார்த்தால், இருநூறு புது பேட்ஜ்கள்.

மாமா சிரித்துச் சிரித்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். அக்கா சொல்லக் கேட்டதும் எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

5

இனி முடிவு.

அ) இன்னொரு நாள் தளம் நிஜமாகவே மூடப்படுகிறது.

ஆ) ஒரே வாசலை நம்பியிருக்கக் கூடாது என்று மாமா வேறு வேலை தேட...

மாமாவையே கேட்டுவிடலாம் என்று அழைத்தேன். பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, ஒருநாள் நெஜமாவே மூடிட்டா என்ன பண்ணுவீங்க?"

"மாப்ள, இன்னும் நூத்தம்பது சட்டை கெடக்கு. போன வை."

வைத்துவிட்டேன். அந்த மூன்று பக்கத்தையும் கிழித்தாயிற்று. சோகமான முடிவுதான் வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வரை எங்கள் வீட்டில் அதற்கு யாருக்கும் நேரமில்லை.